வண்டிக்கு வழியும் ஆலைக்கு வரிசையும்: குவாண்டம் கணிப்பொறியால் ஆவதென்ன?

பொருளைச் செய்வது ஒரு திறமை. செய்த பொருளை உரிய இடத்திற்கு, உரிய வேளையில், வீண் செலவின்றிக் கொண்டு சேர்ப்பது மற்றொரு திறமை. முதல் திறமையில் சிறந்து விளங்கியும் இரண்டாவதில் கோட்டைவிட்டு இலாபத்தை இழந்த வணிகர்களும் ஆலை முதலாளிகளும் எந்நாட்டிலும் உண்டு. சரக்கு வண்டி சுற்றுவழியில் சென்றால் எரிபொருள் வீண். ஓர் எந்திரம் வேலையின்றி நின்றால் கூலி வீண். இவற்றைத் தவிர்க்க மனிதன் காலந்தோறும் கணக்குப் போட்டே வந்திருக்கிறான்.

அண்மைக் காலமாக இத்துறையில் ஒரு புதிய பெயர் அடிபடுகிறது. 'குவாண்டம் கணிப்பொறி வந்துவிட்டது; இனி உலகத்து வண்டிகள் அனைத்திற்கும் வழி சொல்ல ஒரு நொடி போதும்' என்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு? வீட்டில் மேல்நிலைப் படிப்பை முடித்த பிள்ளை எந்தப் பாடத்தில் சேரலாம் என்று கேட்கும்போதும், தொழிற்கூடத்திற்கு வந்த விற்பனையாளர் இப்பெயரைச் சொல்லி விலை கூறும்போதும் விடை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாருங்கள் அன்பர்களே, சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

பத்துக் கடைகளும் முப்பத்தாறு இலட்சம் வழிகளும்

ஒரு கிடங்கிலிருந்து புறப்படும் வண்டி பத்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்தக் கடைக்குச் செல்வது என்பதற்குப் பத்து வாய்ப்புகள், அடுத்ததற்கு ஒன்பது, அதற்கடுத்து எட்டு. இவ்வாறு பெருக்கிக்கொண்டே போனால் 36,28,800 வரிசைகள் கிடைக்கும். கடைகள் பதினைந்தானால் வரிசைகள் 1,30,767 கோடியைத் தாண்டும். இருபதானால், நொடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணிப்பொறியும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 77 ஆண்டுகள் ஆகும். இருபத்தைந்து கடைகளுக்கோ ஏறத்தாழ 49 கோடி ஆண்டுகள்!

ஆலைக்குள்ளும் இதே கதைதான். எந்த வேலையை எந்த எந்திரத்தில் முதலில் ஏற்றுவது, எந்தத் தொழிலாளரை எந்த முறைவேலையில் அமர்த்துவது, எந்தப் பொருளுக்குப்பின் எந்தப் பொருளைச் செய்வது என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் இவ்வாறே கிளைத்துப் பெருகும்.

இதைக் கண்டு மலைத்துவிட வேண்டியதில்லை. எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பவர் எவரும் இல்லர். பயனற்ற வழிகளைக் கூட்டங்கூட்டமாக ஒதுக்கித் தள்ளும் உத்திகளைக் கணித மேதைகள் கண்டறிந்துள்ளனர். 1947இல் அமெரிக்கரான ஜார்ஜ் டான்ட்சிக், பற்றாக்குறையான பொருள்களைச் சிறந்த முறையில் பங்கிடுவதற்கான 'சிம்ப்ளெக்ஸ்' என்னும் கணக்கு முறையை வகுத்தார். 1954இல் அவரும் ஃபுல்கர்சன், ஜான்சன் என்னும் இரு தோழர்களும் சேர்ந்து, அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய வழியைப் பெரும்பாலும் கையாலேயே கணக்கிட்டு நிறுவினர். 2006இல் 85,900 புள்ளிகளைக் கொண்ட ஒரு சுற்றுவழிக் கணக்கும் சாதாரணக் கணிப்பொறிகளின் உதவியுடன் ஐயத்திற்கிடமின்றித் தீர்க்கப்பட்டது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் இத்தகைய முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மீயின் பெயரே இலத்தீன் மொழி வழியாகத் திரிந்து இச்சொல்லாயிற்று. இன்று வண்டிகளுக்கு வழி காட்டும் மென்பொருள் ஒவ்வொன்றும் தன்னையறியாமல் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

குவாண்டம் கணிப்பொறி என்பது யாது?

அணுவின் உலகில் நடைபெறும் நிகழ்ச்சிகள் நம் அன்றாட அனுபவத்திற்குக் கட்டுப்படாதவை. அவற்றைச் சாதாரணக் கணிப்பொறியால் கணக்கிடுவது கடினம். எனவே அந்த விதிகளின்படியே இயங்கும் கணிப்பொறியை ஏன் செய்யக்கூடாது என்று 1981இல் இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெயின்மன் வினவினார். 1985இல் டேவிட் டாய்ச் அத்தகைய கணிப்பொறிக்குக் கோட்பாட்டு அடிப்படையை அமைத்தார். 1994இல் பீட்டர் ஷோர், பேரெண்களைக் காரணிகளாகப் பிரிப்பதில் இக்கருவி வியத்தகு விரைவைக் காட்டும் என்று நிறுவினார்.

சாதாரணக் கணிப்பொறியில் செய்தியின் மிகச் சிறிய அலகு 'பிட்'. அது 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கும். குவாண்டம் கணிப்பொறியின் அலகு 'க்யூபிட்'. அது 0, 1 ஆகிய இரு நிலைகளும் கலந்த ஒரு நிலையில் இருக்க வல்லது. பத்து க்யூபிட்டுகள் சேர்ந்தால் 1,024 நிலைகளின் கலவை. இருபது சேர்ந்தால் 10,48,576 நிலைகளின் கலவை.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வந்துவிடுகின்றனர். 'அப்படியானால் பத்து இலட்சம் வழிகளையும் ஒரே நேரத்தில் சோதித்துச் சிறந்ததைத் தந்துவிடுமே!' என்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கலவை நிலையில் இருக்கும் க்யூபிட்டுகளை நாம் அளந்து பார்த்த மறுகணமே அவற்றுள் ஏதேனும் ஒரு விடை மட்டுமே கையில் கிட்டும், ஏனையவை மறைந்துபோகும். கிட்டிய விடை நல்ல விடையாக அமையும் வாய்ப்பை அளப்பதற்கு முன்னரே பெருக்கி வைப்பதில்தான் இத்துறையின் கலை முழுவதும் அடங்கியுள்ளது.

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லவ் குரோவர் 1996இல் அத்தகைய முறை ஒன்றைத் தந்தார். ஒழுங்கின்றி எழுதப்பட்ட பத்து இலட்சம் பெயர்களுள் ஒன்றைத் தேட, அவர் முறையில் ஏறத்தாழ ஆயிரம் படிகள் போதும். எண்ணிக்கை அதன் வர்க்கமூலமாகச் சுருங்குகிறது. இது பெரிய ஆதாயமே. ஆயினும் நமது சரக்கு வண்டிக் கணக்கை இதில் இட்டுப் பாருங்கள். முப்பது கடைகள் என்றால், நொடிக்கு நூறு கோடி படிகள் வைக்கும் குவாண்டம் கணிப்பொறி ஒன்று இருந்தாலும் அதற்கு மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். அவ்வளவு விரைவான குவாண்டம் கணிப்பொறி இன்றுவரை உருவாக்கப்படவும் இல்லை. கணித நுட்பத்தால் 85,900 புள்ளிகளுக்கு வழி கண்ட சாதாரணக் கணிப்பொறிகளை இத்துடன் ஒப்பிடுங்கள். கண்மூடித்தனமான விரைவைக் காட்டிலும் கணக்கின் இயல்பை அறிந்த நுட்பமே மேலானது என்பது விளங்கும்.

கொல்லனின் உலை கற்பித்த பாடம்

சிறந்த ஏற்பாட்டைத் தேடுவதற்கென்றே அமைந்த வேறொரு வகைக் குவாண்டம் கருவியும் உண்டு. அதன் கருத்து கொல்லனின் உலைக்கூடத்திலிருந்து பிறந்தது எனலாம். காய்ச்சிய இரும்பை மெல்ல மெல்ல ஆறவிட்டால் அதன் உள்ளணுக்கள் இறுக்கம் தளர்ந்து ஒழுங்குற அமையும். 1983இல் கிர்க்பாட்ரிக், கெலாட், வெச்சி என்னும் மூன்று ஆய்வாளர்கள் இதனைக் கணக்குகளுக்குப் பொருத்திக் காட்டினர்.

மேடும் பள்ளமுமான ஒரு நிலப்பரப்பைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வோர் இடமும் ஓர் ஏற்பாடு; அதன் உயரம் அதற்காகும் செலவு. மிக ஆழமான பள்ளமே சிறந்த ஏற்பாடு. எப்போதும் கீழ்நோக்கியே நடப்பவன் முதலில் கண்ட சிறு பள்ளத்தில் சிக்கிக்கொள்வான். தொடக்கத்தில் மேடேறவும் அனுமதித்து, படிப்படியாக அவ்வனுமதியைக் குறைத்தால் ஆழ்ந்த பள்ளத்தை அடையும் வாய்ப்பு மிகும். இதுவே அவர்கள் கண்ட முறை.

குவாண்டம் உலகில் மேடேறாமலேயே குன்றினைத் துளைத்து மறுபுறம் செல்லவும் இயலும். இப்பண்பு ஆழ்ந்த பள்ளத்தைத் தேட உதவக்கூடும் என்னும் எண்ணத்தின் முதற்சுவடு, கொல்கத்தாவில் பிகாஸ் சக்ரவர்த்தியும் அவருடைய துணைவர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் உள்ளது. 1998இல் ஜப்பானின் கடோவாகியும் நிஷிமோரியும் அதனைத் தெளிவான முறையாக வடித்தனர். 1999இல் கனடாவில் தோன்றிய டி-வேவ் நிறுவனம் 2011இல் 128 க்யூபிட்டுகள் கொண்ட கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2020இல் அது வெளியிட்ட 'அட்வான்டேஜ்' கருவியில் 5,000க்கும் மேற்பட்ட க்யூபிட்டுகள் உள்ளன. இக்கருவியின் இதயப்பகுதியை இயற்கை அனுமதிக்கும் கடைக்கோடிக் குளிரான சுழியம் கெல்வினுக்கு மிக அருகில், ஒரு டிகிரியில் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவான வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும்.

வண்ணக்கூடத்தில் ஒரு சோதனை

இக்கருவி ஓர் உண்மையான ஆலையின் கணக்கில் எவ்வாறு நடந்துகொண்டது? ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் நகரிலுள்ள கார்த் தொழிற்சாலையின் விவரங்களைக் கொண்டு ஃபோக்ஸ்வேகன் ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டுவாக்கில் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது.

கார்களுக்கு இறுதி வண்ணம் பூசுமுன் அடிப்பூச்சு ஒன்று பூசப்படும். அது வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கும். கார்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். அவ்வரிசையை மாற்ற இயலாது. ஆனால் ஒரே வகைக் கார்களுள் எதற்கு வெள்ளை, எதற்குக் கறுப்பு என்பதை ஆலையே முடிவு செய்யலாம். ஒவ்வொரு வகையிலும் எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு என்ற கணக்கு மட்டும் சரியாக வர வேண்டும். வண்ணத்தை மாற்றுந்தோறும் பூச்சுக் குழல்களைக் கழுவ வேண்டும். பூச்சும் நேரமும் வீணாகும். எனவே மாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கம்.

ஒரு சிறு எடுத்துக்காட்டு: அ, ஆ, இ, அ, ஆ, இ என்று ஆறு கார்கள் வருகின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. ஒன்றுவிட்டு ஒன்றாக வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டே சென்றால் ஐந்து முறை குழலைக் கழுவ வேண்டும். முதல் மூன்றிற்கு வெள்ளை, அடுத்த மூன்றிற்குக் கறுப்பு என்றால் ஒரே முறை கழுவினால் போதும். ஆறு கார்களுக்கு இது எளிது. இவ்வாறு இரண்டிரண்டாக நூறு வகைகள் கலந்து வந்தால் தெரிவுகளின் எண்ணிக்கை 31 இலக்கங்கள் கொண்ட பேரெண்ணாகிவிடும்.

ஆய்வாளர்கள் இக்கணக்கை டி-வேவ் கருவிகள் இரண்டிலும், குவாண்டமும் சாதாரணக் கணிப்பொறியும் கலந்த கலப்பு முறையிலும், சாதாரண முறைகள் பலவற்றிலும் இட்டுப் பார்த்தனர். சிறிய கணக்குகளில் குவாண்டம் கருவி நன்றாகவே பணியாற்றியது. நடுத்தரக் கணக்குகளில் கலப்பு முறை சிறந்தது. ஆனால் கணக்கு ஆலையின் உண்மையான அளவை நோக்கிப் பெருகப் பெருக, இவற்றின் விடைகள் 'பேராசை முறை' எனப்படும் மிக எளிய முறையின் விடையை ஒத்தனவாகவே ஆகிவிட்டன. பேராசை முறை என்பது என்ன தெரியுமா? 'கையிலுள்ள வண்ணத்தையே இயன்றவரை தொடர்ந்து பூசு. முடியாதபோது மட்டும் மாற்று' என்பதே அது! கூடத்திலுள்ள அனுபவமிக்க ஒரு தொழிலாளி தாமாகவே செய்யக்கூடிய காரியம் இது.

இதற்குக் காரணம் உண்டு. அட்வான்டேஜ் கருவியில் ஒரு க்யூபிட் ஏனைய 15 க்யூபிட்டுகளுடன் மட்டுமே நேரடியாகத் தொடர்பு கொள்ளும். ஆலையின் கணக்கிலோ ஒரு காரின் வண்ணம் அதே வகையைச் சேர்ந்த எத்தனையோ கார்களைப் பொறுத்தது. ஆதலால் பல க்யூபிட்டுகளைச் சங்கிலியாகப் பிணைத்து ஒரே க்யூபிட்டாக நடத்த வேண்டியுள்ளது. ஆயிரக்கணக்கில் இருப்பவை இவ்வாறு விரைவில் தீர்ந்துபோகின்றன. வெப்பமும் இரைச்சலும் புகுந்து விடையைக் குலைப்பதும் உண்டு.

தம் நிறுவனமே முதலீடு செய்துள்ள ஒரு புதுமையைப் பற்றி, 'பெரிய கணக்கில் இது எளிய முறையைக் காட்டிலும் மேம்படவில்லை' என்று அந்த ஆய்வாளர்கள் ஒளிவுமறைவின்றி எழுதினர். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

செய்திகளைப் படிக்கும் முறை

இதே நிறுவனம் 2017இல் பெய்ஜிங் நகரின் 418 டாக்சிகளுக்கு நெரிசலைக் குறைக்கும் வழிகளைக் குவாண்டம் கருவியின் துணையுடன் கணக்கிட்டது. ஒவ்வொரு டாக்சிக்கும் மூன்று வழிகள். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். முன்னரே பதிவான பயண விவரங்களைக் கொண்டு நடத்திய கணக்கு அது. சாலையில் ஓடிய டாக்சிகளுக்கு அது வழி சொல்லவில்லை. 2019 நவம்பரில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ஒரு பெரிய மாநாட்டின்போது ஒன்பது பேருந்துகளுக்கு உண்மையிலேயே வழி சொல்லிக் காட்டியது. முயற்சி புதியது, ஐயமில்லை. ஆனால் ஒன்பது பேருந்துகளுக்கு வழி காண்பது சாதாரணக் கணிப்பொறிக்கும் கடினமான செயலன்று.

துருக்கியின் ஃபோர்டு ஓட்டோசான் நிறுவனம் தன் வேன் தயாரிப்பு வரிசையைத் திட்டமிட டி-வேவின் கலப்பு முறையைப் பயன்படுத்துவதாகவும், அரைமணி நேரம் பிடித்த பணி ஐந்து நிமிடங்களுக்குள் முடிவதாகவும் 2025இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆலைக்கு இது நற்செய்தியே. எனினும் இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, 'முன்பிருந்த முறையைக் காட்டிலும் விரைவு' என்பதும் 'கிடைக்கக்கூடிய சிறந்த முறையைக் காட்டிலும் விரைவு' என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதை மறந்துவிடக்கூடாது.

மற்றுமொரு நிகழ்ச்சி. 2014இல் ஃபார்ஹி, கோல்ட்ஸ்டன், கட்மன் என்போர் இவ்வகைக் கணக்குகளுக்கென ஒரு புதிய குவாண்டம் முறையை வகுத்தனர். ஒரு குறிப்பிட்ட கணக்கில் அது அப்போது அறியப்பட்டிருந்த சாதாரண முறைகளை விஞ்சி நின்றது. அச்செய்தி பரவியதும் கணித அறிஞர்கள் சிலர் ஒன்றுகூடி, 2015இல் அதனையும் விஞ்சும் சாதாரண முறையைக் கண்டுவிட்டனர். 2018இல் ஈவின் டாங் என்னும் 18 வயது மாணவர் ஒருவர் வேறொரு குவாண்டம் முறையை ஆராயப் புகுந்தார். வாடிக்கையாளர் விருப்பத்தை ஊகித்துப் பொருள்களைப் பரிந்துரைக்கும் கணக்கு அது. குவாண்டம் கணிப்பொறிக்கே உரியது என்று கருதப்பட்ட மாபெரும் விரைவைச் சாதாரணக் கணிப்பொறியிலும் பெறலாம் என்று அவர் நிறுவினார். ஆசிரியர் தந்த கணக்கைச் செய்து முடிப்பதோடு நில்லாமல் 'இது உண்மைதானா?' என்று கேட்ட மாணவரின் வெற்றி அது.

அப்படியானால் குவாண்டம் கணிப்பொறி வெறும் மாயையா? இல்லை. 2024 டிசம்பரில் கூகுள் நிறுவனம் 105 க்யூபிட்டுகள் கொண்ட 'வில்லோ' சில்லினை அறிமுகப்படுத்தியது. பிழைதிருத்தத்திற்கென மேலும் க்யூபிட்டுகளைச் சேர்க்கச் சேர்க்கப் பிழை கூடாமல் குறைவதை அது மெய்ப்பித்தது. பல்லாண்டுகளாக எதிர்பார்க்கப்பட்ட முன்னேற்றம் இது. புதிய மருந்துகள், மின்கலப் பொருள்கள் போன்றவற்றின் அணு அமைப்பை ஆராய்வதில் இக்கருவிகள் முதலில் பயன் தரக்கூடும் என்பது அறிஞர் பலரின் கருத்து. இந்திய அரசும் 2023 ஏப்ரலில் ரூ.6,003.65 கோடி மதிப்பில் தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. விதை முளைத்திருக்கிறது, அதனிடம் இன்றே கனி கேட்பது பொருந்தாது.

நாம் செய்ய வேண்டியது

வணிகம் செய்யும் அன்பர்களே! குவாண்டம் என்ற பெயரைச் சொல்லி எவரேனும் உங்களிடம் மென்பொருள் விற்க வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்போது எங்களுக்கு ஆகும் செலவை அளந்தீர்களா? இதே கணக்கைச் சாதாரணக் கணிப்பொறியில் சிறந்த முறையால் போட்டு ஒப்பிட்டீர்களா? மாதிரிக்கு எடுத்த சிறு கணக்கில் அல்லாமல், எங்கள் தொழிலின் முழு அளவில் சோதித்தீர்களா? மூன்றாவது கேள்வி வுல்ஃப்ஸ்பர்க் வண்ணக்கூடம் நமக்குக் கற்பித்தது. இம்மூன்றிற்கும் தெளிவான விடை வராதவரை பணப்பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அதற்குமுன் கையருகே உள்ளதைப் பயன்படுத்துங்கள். எந்த வண்டி எங்கெங்கு சென்றது, எவ்வளவு தூரம், எவ்வளவு எரிபொருள், எங்கே காத்திருந்தது என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். வீண் எங்கே என்பது பெரும்பாலும் அந்த ஏட்டிலேயே தெரிந்துவிடும். கணக்குத் தாளுக்குப் பயன்படும் எக்ஸெல் மென்பொருளிலேயே சிறிய ஏற்பாட்டுக் கணக்குகளைத் தீர்க்கும் 'சால்வர்' என்னும் வசதி இருக்கிறது. வண்டிகளுக்கு வழி காணவும் வேலைகளை வரிசைப்படுத்தவும் கூகுள் வெளியிட்டுள்ள 'ஓஆர்-டூல்ஸ்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணிப்பொறி நிரல் எழுதத் தெரிந்த ஓர் இளைஞர் சில வாரங்களில் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

பெற்றோரே! இத்துறையில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பினால், பாடத்தின் பெயரில் 'குவாண்டம்' இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கணிதத்தின் அடித்தளம் வலுவாக உள்ளதா என்று பாருங்கள். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நிரல் எழுதும் பயிற்சி ஆகிய மூன்றும் குவாண்டம் கணிப்பொறிக்கும் வேண்டும். சாதாரணக் கணிப்பொறிக்கும் வேண்டும். நம் கல்லூரிகளில் கணிதப் பட்டப்படிப்பிலும் மேலாண்மைப் படிப்புகளிலும் 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' என்ற பாடம் இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் பாடமாகவே அதைப் பலர் கருதுகின்றனர். டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறையும், சரக்குகளைக் கிடங்குகளிலிருந்து கடைகளுக்குப் பங்கிடும் கணக்கும் அதில்தான் உள்ளன. வகுப்பில் கற்ற அந்தக் கணக்கைத் தந்தையின் கடைக்கும் மாமாவின் பட்டறைக்கும் பொருத்திப் பார்க்கும் மாணவன், நாளை குவாண்டம் கணிப்பொறி முழு வளர்ச்சி பெற்று வரும்போது அதனிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று அறிந்தவனாக இருப்பான்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். கேள்வியைச் சரியாக அமைக்கத் தெரிந்தவனுக்கே எந்தக் கருவியும் பயன் தரும். அந்த அறிவை நம் வீட்டுப் பிள்ளைகள் பெறுவதற்கு எந்தப் புதிய கருவியின் வருகைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே தொடங்குவோம்.